கூரைக்குள் ஃபேன் பூட்டி வெக்கையைக் குறைத்த அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை, கீழே சீலிங். பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வரைக்கும் இறக்கிக்கொண்டே இருக்கும், சித்திரையில் படுக்கவே முடியாது. அதனால் நடைவழிச் சீலிங்கை வெட்டி, வீட்டுக் காற்றை இழுத்துக் கூரைக்குள் தள்ளும் பெரிய ஃபேன் ஒன்றைப் பூட்டுவித்தோம். சத்தம் பலமாக வந்ததே தவிர காற்று ஓடவில்லை, சீலிங் இடுக்குகளால் தூசிதான் கொட்டியது.

தள்ளிய காற்று வெளியே போக வழியில்லை, அதுதான் விஷயம். நிமிடத்துக்கு 750 கன அடி காற்றுக்குக் குறைந்தது 1 சதுர அடி திறப்பு வேண்டும் என்பது பொதுவான கணக்கு, அதுவும் வலை மறைக்கும் இடம் போக. எங்கள் ஃபேன் 3000 கன அடி, ஆகவே 4 சதுர அடி. முகட்டுச் சுவர் இரண்டிலும் மழைச்சாரல் அடிக்காத சாய்தகட்டுத் திறப்பு வைத்து, உள்ளே துருப்பிடிக்காத வலையும் அடித்தோம். கடற்காற்றுக்குச் சாதாரண வலை நிற்காது.

அப்புறம் பாவிப்பது. வெளிக்காற்று வீட்டைவிடக் குளிர்ந்த பிறகுதான் போட வேண்டும், ஏசி ஓடும்போது வேண்டாம். முதலில் படுக்கையறை ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுங்கள். இப்போது அந்த ஜன்னல் திரை உள்பக்கமாக நன்றாகவே எழும்புகிறது.