போசாவுக்கு முன் எதிர்க்கடை

இஸ்தான்புல்லின் வெஃபா பகுதியில், 1876 முதல் நடக்கும், போசா என்னும் பானம் விற்கும் வெஃபா போசாஜிசி கடைக்குள் நுழையுமுன் எதிர்ச்சாரியில் லெப்லெபி ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். வறுத்த கொண்டைக்கடலைதான், நம் பொட்டுக்கடலைக்குப் பெரியண்ணன். போசா, சிறுதானியத்தைப் புளிக்கவைத்துச் செய்வது. கூழ்போல் கெட்டி, இனிப்பும் புளிப்புமாக இருக்கும். ஸ்பூனால் வெறுமனே சாப்பிட்டால் பாதித் தம்ளரிலேயே திகட்டும். இடையிடையே கடிபடும் கடலை அதைச் சரிக்கட்டும். போசாவின் மேலுள்ள பட்டைத்தூள் மீது கடலையை நாலைந்தாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ஊறி நமுத்துவிடும்.

கோடைக்கு இது ஒத்துவராது. போசா குளிர்காலப் பானம், வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். அப்போது திராட்சைச் சாற்றுப் பானமான ஷிரா கேளுங்கள். புளித்த போசாவில் துளி ஆல்கஹால் உண்டு, அதுவும் ஆகாதவர்கள் தவிர்க்கலாம்.