மலைக்காட்டுத் தாடியை அடையாளம் காண்பது எப்படி?

வெள்ளவத்தையில் உயிரியல் ரியூசன் எடுக்கிறேன். "பங்கசும் அல்காவும் சேர்ந்து வாழ்வதே இலைக்கன்" என்று என் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். மரத்தில் காட்டச் சொன்னால் பாசியைக் காட்டுவார்கள்! ஓட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போகும் குடும்பங்களுக்கு நான் சொல்லி அனுப்புவது இதுதான்.

தேடவேண்டியது உஸ்னியா என்ற இலைக்கன். அங்கே 2000 மீற்றருக்கு மேலே, மூடுபனி சூழ்ந்த காட்டில், கோணல்மாணலான கொப்புகளில் சாம்பல் கலந்த வெளிர்பச்சைத் தாடியாகத் தொங்கும். கொழும்பு நகருக்குள் அதைத் தேடி மினக்கெட வேண்டாம். அழுக்குக் காற்று அதற்கு ஒத்துவராது. ஆனால் விகாரமகாதேவிப் பூங்காவில் மரப்பட்டையோடு ஒட்டிக்கிடக்கும் வெளிறிய திட்டுகளில் பலவும் இலைக்கன்தான். போகுமுன் ஒரு கைவில்லையோடு அவற்றைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

மலையில் பாசியும் அதே கொப்பில்தான் தொங்கும். வில்லையை வைத்துப் பாருங்கள்: சின்னச் சின்ன இலைகள் தெரிந்தால் அது பாசி. இலையே இல்லாமல், உருண்டையான இழைகள் கிளைவிட்டுப் போனால் உஸ்னியாவாக இருக்கலாம். இழை தட்டையாக இருந்தால் வேறு இலைக்கன்.

உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. ஓட்டன் சமவெளி ஒரு தேசியப் பூங்கா, அதற்குள் எதையும் பிய்க்கக்கூடாது, அங்கே கண்ணால் பார்ப்பதோடு சரி. நுவரெலியாவில் நீங்கள் தங்கும் விடுதி முற்றத்தில் காற்றுக்கு விழுந்த கொப்பு கிடந்தால் போதும். தடித்த இழை ஒன்றை எடுத்து நன்றாக நனையுங்கள். காய்ந்தது பட்டென்று முறிந்துவிடும். இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். வெளித்தோல் வளையம் வளையமாக வெடித்து விலக, நடுவில் வெள்ளை நார் ஒன்று அறாமல் நீண்டு கொடுக்கும். அந்த நார் இருந்தால் உஸ்னியாதான். எந்த இனம் என்று சொல்ல இரசாயனச் சோதனையும் வேண்டும், அதற்கு ஆசைப்படாதீர்கள்.

மூடுபனி இறங்கினால், சமவெளியின் விளிம்பிலுள்ள 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பள்ளம் தெரியவில்லை என்று மற்றவர்கள் புலம்புவார்கள். நமக்கு அதுதான் நல்ல நேரம். ஈரம் பட்டால் இலைக்கனின் மேல்தோல் தெளிந்து, உள்ளே இருக்கும் அல்காவின் பச்சை எடுப்பாகத் தெரியும். படம் எடுப்பதென்றால் அப்போதே எடுங்கள், அளவு தெரிய ஒரு பேனையையும் பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், "மரத்தை உறிஞ்சுகிறது, பாவம்" என்று யாராவது சொன்னால் திருத்திவிடுங்கள். அதற்கு வேரே இல்லை. தண்ணீரைப் பனியிலும் மழையிலும் எடுக்கிறது, உணவை அல்கா தயாரிக்கிறது. கொப்பு அதற்கு வெறும் இருப்பிடம்.