பழைய காரின் காற்றுவழிக் கட்டுப்பாடுகளைச் சீராக்குதல்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் பழைய கார்களில், டாஷ்போர்டிலுள்ள நெம்புகோல் அசைந்தும் காற்றின் திசை மாறாவிட்டால், அதற்குப் பின்னாலுள்ள கம்பிக் கேபிளையே முதலில் பாருங்கள். கேபிளின் உறையைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்றிருந்தால் நெம்புகோல் இலகுவாக நகரும், காற்றைத் திருப்பும் உட்கதவோ அசையாது. மாறாக நெம்புகோல் இறுகியிருந்தால் உறைக்குள் துரு ஏறியிருக்கலாம் என்பதால், பலத்தைப் பிரயோகிக்காமல், ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிட்ட பின் மெதுவாக அசைத்துப் பாருங்கள்.

மெர்சிடிஸ் டபிள்யூ123 போன்ற கார்கள் சிலவற்றில் இக்கதவுகளை இயக்குவது வெற்றிட உறிஞ்சல். பெட்ரோல் எஞ்சினுள்ள இத்தகைய கார்களில், மேட்டில் ஏறும்போது மட்டும் காற்று முன்கண்ணாடிப் பக்கம் திரும்பினால், மெல்லிய ரப்பர் குழாய்களில் வெடிப்பையோ, கதவுகளை இழுக்கும் டயபிராமில் (ரப்பர் சவ்வில்) கிழிசலையோ தேடுங்கள்.

திருகோணமலையில் ஹீட்டர் எவருக்கும் தேவைப்படாது. ஆனால் அதன் வால்வு முழுமையாக மூடாவிட்டால் எஞ்சினின் வெந்நீர் ஹீட்டருக்குள் ஓடி ஏசியின் குளிர்ச்சியைக் கெடுக்கும். ஏசி வாயு நிரப்பச் செலவழிக்கும் முன் இதைச் சோதிப்பதே புத்திசாலித்தனம். எஞ்சின் சூடான பின், கட்டுப்பாட்டைக் குளிர்ப்பக்கம் வைத்து, எஞ்சின் விசிறியில் கைபடாமல், வால்வின் இருபுறக் குழாய்களையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். வால்வைக் கடந்த குழாயும் கொதித்தால், கேபிளின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். அப்போதும் மூடாவிட்டால் வால்வை மாற்றத்தான் வேண்டும்.

ஊதுவிசிறி உச்ச வேகத்தில் மட்டும் சுழன்றால், பெரும்பாலும் அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும்.