டிப்ஸ் வைக்கும் முன் பில்லை ஒருமுறை பாருங்கள்

சாப்பிட்டு முடித்ததும் டிப்ஸ் எவ்வளவு வைப்பது என்று பர்ஸைத் துழாவும் முன், பில்லின் கடைசி வரிகளைப் படியுங்கள். 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு தொகை அங்கே ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். அப்படியிருந்தால் மேற்கொண்டு கொடுப்பது உங்கள் விருப்பம்தான். ஆனால் அந்தத் தொகை முழுக்கப் பரிமாறியவர் கைக்குப் போகும் என்று நம்பிவிடாதீர்கள். சில இடங்களில் நிர்வாகமே வைத்துக்கொள்ளும். அவரிடமே மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், சங்கடம் ஒன்றுமில்லை.

நாட்டுக்கு நாடு வழக்கம் தலைகீழாகவும் இருக்கும். அமெரிக்காவில், பரிமாறும் உணவகங்களில் 15 முதல் 20 சதவீதம் எதிர்பார்ப்பார்கள். காரணம் இருக்கிறது: டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991 முதல் அது ஏறவே இல்லை (பல மாநிலங்களில் இதைவிடக் கூடுதல்). ஜப்பானிலோ, மேஜையில் காசு வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று எண்ணிப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடிவரக்கூடும்.

கார்டு இயந்திரம் 18, 20, 25 என்று காட்டுவதைப் பார்த்து மிரள வேண்டாம். வேறு தொகை போடவும் பெரும்பாலும் வழி இருக்கும். அந்தச் சதவீதம் சில சமயம் வரியையும் சேர்த்தே கணக்கிடப்படும். வரிக்கு முந்தைய தொகைக்குப் பார்த்தால் போதும். என்னைக் கேட்டால் ரொக்கமே மேல்.

விடுதி அறையைச் சுத்தம் செய்பவருக்குக் கடைசி நாள் மொத்தமாக வைக்காமல் தினமும் வையுங்கள், ஆள் மாறிக்கொண்டே இருக்கலாம். கூடவே 'நன்றி' என்று ஒரு சீட்டு இருக்கட்டும். இல்லையென்றால் நீங்கள் மறந்துவைத்த பணமோ என்று தொடமாட்டார்.