முறைச்ச அங்கிளும் ஆறு மாசம் பேசாத நானும்: புது ஆளுங்ககிட்ட நாம பண்ற தப்புகள்

எங்க புளோக் கீழ, திறந்து கிடக்கற தரைத்தளமான வாய்ட் டெக்ல, ஒரு சீன அங்கிள் தினமும் காலைல பறவைக் கூண்ட மாட்டிட்டு உக்காந்திருப்பாரு. நான் சிங்கப்பூர்ல அங் மோ கியோவுக்கு வீடு மாறி வந்த புதுசுல அவரத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு முறை முறைப்பாரு பாருங்க, சரி இவருக்கு நம்மாளுங்களயே புடிக்காது போலன்னு நானே தீர்ப்பு எழுதிட்டு ஆறு மாசம் அந்தப் பக்கமே திரும்பல. ஒருநாள் லிஃப்ட் ரிப்பேராகி ரெண்டு பேரும் நின்னப்பதான் தெரிஞ்சுது, அவரு முறைச்சது என்னை இல்ல, என் ஃபோன. காலைல எட்டரைக்கு, ஊர்ல மணி ஆறு, அம்மா கோலம் போட்டு முடிச்சிருப்பாங்கன்னு ஸ்பீக்கர்ல போட்டு கத்திக்கிட்டே போவேன். அந்த சத்தத்துல அவரோட மெர்போக், அதான் கூண்டுல இருக்கற அந்தக் குட்டிப் புறா, பாடறத நிறுத்திடுமாம்!

பாத்ததுமே எடை போடாதீங்கன்னு சொல்றது சும்மா பேச்சு, அது நம்ம கையில இல்ல. 2006ல வில்லிஸ், டொடோரோவ்னு ரெண்டு பேரு பண்ண ஆராய்ச்சில, ஒரு முகத்த ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்கு நேரம் காட்டினாலே இவர நம்பலாமா கூடாதான்னு ஆளுங்க முடிவு பண்ணிட்டாங்க. கூடுதலா நேரம் குடுத்தும் முடிவு பெருசா மாறல, நான் சொன்னது சரிங்கற தைரியம்தான் ஏறுச்சு. அதனால தப்பு எடை போடறதுல இல்ல, போட்டதும் கணக்க மூடிடறோம் பாருங்க, அதுல இருக்கு. சாலமன் ஆஷ் 1946லயே இத வேற மாதிரி காட்டிட்டாரு: புத்திசாலி, உழைப்பாளின்னு ஆரம்பிச்சு பிடிவாதக்காரன், பொறாமைக்காரன்னு முடியற ஒரு பட்டியல், அதையே சில பேருக்குத் தலைகீழா வாசிச்சாங்க. அதே ஆறு குணம்தான், ஆனா நல்லத முதல்ல கேட்டவங்களுக்கு அந்த ஆள் நல்லவனாத் தெரிஞ்சான். என் அங்கிள் விஷயத்துல முறைப்பு முதல்ல வந்துடுச்சு, அவ்ளோதான்.

அடுத்தது, பேச்சு சுருக்கமா இருந்தா திமிருன்னு நினைக்கறது. கோப்பிக் கடைல "வாட் யூ வான்ட்?"னு கேட்டா ஊர்ல இருந்து வந்த புதுசுல சுருக்குன்னு இருக்கும். பின்னாடி பத்து பேரு வரிசைல நிக்கறாங்க, அவரு எல்லாருகிட்டயும் அப்படித்தான் கேக்கறாரு, கொஞ்சம் கவனிச்சாலே தெரியும். (மேசைல டிஷ்யூ பாக்கெட் இருந்தா யாரோ எடம் புடிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம். அது தெரியாம, யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு எடுத்து ஓரமா வச்சிட்டு அந்த எடத்துல நான் உக்காந்த கதை தனி.)

சீனங்க, மலாய்க்காரங்க விஷயத்துலயாவது நமக்குத் தெரியாதுன்னு கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கோம். நம்ம தமிழாளுங்களுக்குள்ளதான் தப்பு ஜாஸ்தி. "நீங்க எந்த ஊரு?"ன்னு கேப்போம். சிங்கப்பூர்தாங்கன்னு சொன்னா விட மாட்டோம், "இல்ல, ஒரிஜினலா?" மூணு தலைமுறையா இங்கயே இருக்கற ஆளுகிட்ட இப்படிக் கேட்டா நீ இந்த ஊர்க்காரன் இல்லன்னு சொல்ற மாதிரிதான் அவருக்குக் கேக்கும், அதுக்குப் பின்னாடி ஜாதிய மோப்பம் புடிக்கறோமோன்னு வேற தோணும். அவரு நடுவுல இங்கிலீஷ் கலந்து பேசினா இவருக்குத் தமிழ் வராதுன்னு நாம முடிவு கட்டுவோம். அந்தப் பக்கமும் சும்மா இல்ல, ஊர்ல இருந்து வந்தவன்னா ஐடி வேலை, காண்டோன்னு வசதியான தனியார் அடுக்குமாடி வீடு, நம்மள மதிக்க மாட்டான்னு ஒரே பையில போட்டுடறாங்க. ரெண்டு பக்கமும் சேந்து பண்ற அநியாயம் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை தேக்கால, அதான் லிட்டில் இந்தியால, நிக்கற கட்டட வேலை தம்பிங்ககிட்ட, எடுத்த எடுப்புலயே வா போன்னு பேசறது. அவங்கள்ல டிப்ளமோ முடிச்சிட்டு வந்தவங்க இருக்காங்க, கவிதை எழுதறவங்க இருக்காங்க. முதல் வார்த்தைய 'நீங்க'ன்னு ஆரம்பிச்சா என்ன குறைஞ்சிடும்?

இன்னொண்ணு, இனத்த வச்சு சாப்பாட்டக் கணக்குப் போடறது. சீனங்கன்னா எல்லாம் சாப்புடுவாங்கன்னு நினைக்காதீங்க, குவான் யின் அம்மன கும்புடறவங்க பல பேரு மாட்டிறைச்சி தொடவே மாட்டாங்க, நம்ம வீட்டு ஆளுங்க மாதிரியே. இது தெரிஞ்ச அன்னிக்குத்தான் எதிர்வீட்டு ஆண்டிகூட எனக்குப் பேச்சு ஓட ஆரம்பிச்சுது. எதிர்வீட்ல வேற இனத்துக்காரங்க இருக்கறதும் தற்செயல் இல்ல, 1989ல இருந்து வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகள்ல எந்த இனத்துக்கு எவ்ளோன்னு புளோக்குக்கு புளோக் வரம்பு வச்சிருக்காங்க. பக்கத்துல குடி வைக்கறதோட சட்டத்தோட வேலை முடிஞ்சுது, பேசறது நம்ம பாடு.

பேசினதுக்கு அப்புறமும் ஒரு தப்பு வரும், நான் உளறிட்டேன், அவருக்கு என்னப் புடிச்சிருக்காதுன்னு ஒதுங்கிடறது. 2018ல வந்த ஒரு ஆராய்ச்சில, முதல் தடவ பேசிட்டுப் போறவங்க, எதிராளிக்கு தங்களப் புடிச்ச அளவக் குறைச்சேதான் நினைக்கறாங்கன்னு கண்டுபுடிச்சாங்க. அதாவது நீங்க நினைக்கறத விட அவருக்கு உங்களப் புடிச்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

ஒரே நாள்ல நெருங்கப் பாக்கறதும் வேலைக்கு ஆகாது. சம்பளம் எவ்ளோ, ஏன் இன்னும் கல்யாணம் ஆகல எல்லாம் லிஃப்ட்ல கேக்கற கேள்வியா? ஜெஃப்ரி ஹால்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் கணக்குப்படி, தெரிஞ்சவரு சாதாரண நண்பராக சுமாரா 50 மணி நேரம் சேந்து இருக்கணும், நெருங்கின நண்பராக 200க்கு மேல. தினமும் லிஃப்ட்ல ஒரு நிமிஷம்னு வச்சா 50 மணி நேரத்துக்கு எட்டு வருஷத்துக்கு மேல ஆகும், நான் கால்குலேட்டர் வச்சே பாத்துட்டேன். அதனால எங்கயாவது உக்காரணும், எங்களுக்கு அது கீழ கோப்பிக் கடை, அங்கிளுக்கு கோப்பி ஓ (பால் இல்லாத காபி), எனக்கு டீ, பேச்சு முக்காவாசி மெர்போக் பத்தித்தான். நடுவுல எவனாவது ரெண்டாம் நாளே பணம் கேட்டான்னா அது வேற கேஸு, அங்க பொறுமைய எல்லாம் காட்டாதீங்க.

சீனப் புத்தாண்டுக்கு அவரு வீட்டுக்குப் போனா ஆரஞ்சு ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டுப் போயிடாதீங்க, ஜோடியா ரெண்டு, ரெண்டு கையாலயும் குடுக்கணும். நான் முதல் வருஷம் மூணு கொண்டு போனேன், அங்கிள் சிரிச்சிட்டே ஒண்ண உரிச்சு என் கையிலயே குடுத்துட்டாரு.