ஓடி விளையாடிய பின் வரும் இருமல்: பெற்றோருக்கான வழிகாட்டி

மணிக்கணக்கில் ஓடியாடக்கூடிய குழந்தை, விளையாட்டு முடிந்த சில நிமிடங்களில் விடாமல் இருமுகிறது என்றால், அதைத் தூசி என்றோ சளி என்றோ சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த இருமல் ஓடும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வருமானால், ஆஸ்துமா இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். நெஞ்சில் வீசிங் சத்தம் கேட்கவில்லை என்பதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பல குழந்தைகளிடம் இருமல் மட்டுமே வெளியே தெரியும் அறிகுறியாக இருக்கும். குழந்தையை ஓடவிடாமல் உட்கார வைப்பது இதற்குத் தீர்வாகாது. காரணத்தைக் கண்டறிந்து சிகிச்சை அளித்தால், ஆஸ்துமா உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே விளையாட முடியும்.

சும்மா இருக்கும்போது நாம் மூக்கால் மூச்சு விடுகிறோம். உள்ளே போகும் காற்றை மூக்கு சூடாக்கி, ஈரமாக்கி அனுப்புகிறது. வேகமாக ஓடும்போது வாய் வழியாக அளவுக்கதிகமான காற்று நேரே நுரையீரலுக்குச் செல்வதால், மூச்சுக்குழாய்களின் உட்பரப்பு தன்னிடமுள்ள நீரைக் காற்றுக்குக் கொடுத்துக் காய்கிறது. அந்த வறட்சி அங்குள்ள செல்களைத் தூண்டி, ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற வேதிப்பொருள்களை வெளிவிடச் செய்ய, குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. குளிர்ந்த, உலர்ந்த காற்றில் தொந்தரவு கூடுவதற்கும், ஈரக்காற்றில் நடக்கும் நீச்சல் பல குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்வதற்கும் இதுவே காரணம். குளோரின் நெடி மிகுந்த, காற்றோட்டமில்லாத உள்ளரங்கக் குளம் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

முதலில் நீங்கள் கவனிக்க வேண்டியது நேரத்தை. ஆஸ்துமா இருமல் பொதுவாக ஆறு முதல் எட்டு நிமிடக் கடும் ஓட்டத்துக்குப் பிறகு தலைகாட்டி, ஓட்டத்தை நிறுத்திய ஐந்து முதல் பத்து நிமிடங்களில் உச்சமடைந்து, அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே தணியும். சிறு குழந்தைகளிடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குவதும் உண்டு. எந்த விளையாட்டு, எத்தனை நிமிடம் கழித்து இருமல் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அந்த வாரம் சளி இருந்ததா, இரவில் இருமி விழித்ததா என்பவற்றை இரண்டு வாரங்கள் குறித்து வையுங்கள். இருமலையும் மூச்சையும் கைபேசியில் ஒரு காணொளியாகப் பதிவு செய்தால் இன்னும் நல்லது. பரிசோதனை அறையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் மருத்துவர் காண முடியாததை அது காட்டும். சிறு குழந்தைகளுக்கு நெஞ்சு இறுக்கத்தைச் சொல்லத் தெரியாது. நெஞ்சு வலிக்கிறது என்பார்கள், அல்லது எதுவும் சொல்லாமல் ஓட வேண்டாத விளையாட்டுகளுக்கு மாறிக்கொள்வார்கள். கால்பந்தில் எப்போதும் கோல்கீப்பராக நிற்கவே விரும்பும் குழந்தையிடம், ஏன் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஓடும்போது வரும் தொந்தரவெல்லாம் ஆஸ்துமாவாகிவிடாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் கரகரப்பான சத்தம் கேட்டு, ஓட்டத்தின் உச்சத்தில் மோசமாகி, நின்ற சில நிமிடங்களில் சட்டென மறைந்தால், குறை குரல்வளையில் இருக்கலாம்; அதற்கு ஆஸ்துமா மருந்து பயன்படாது. பகல் முழுவதும் இருமிவிட்டுத் தூங்கியதும் அடியோடு நின்றுவிடும் இருமல் வழக்கமாகிப்போன இருமலாக இருக்கலாம். எதையோ வாயில் போட்டுப் புரையேறிய பிறகு தொடங்கிய இருமலில், மூச்சுக்குழாயில் பொருள் சிக்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஓடும்போது மயங்கி விழுதல், நெஞ்சு படபடத்தல் ஆகியவை இதயத்தைச் சோதிக்க வேண்டிய அறிகுறிகள். அந்தச் சோதனை முடியும்வரை குழந்தையை ஓடவிடக் கூடாது.

ஏறத்தாழ ஐந்து, ஆறு வயதிலிருந்து குழந்தைகளால், வெளிவிடும் மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊத முடியும். ஓய்வாக இருக்கும்போது செய்த சோதனை சரியாக இருந்தாலும் சந்தேகம் தீராது. தேவைப்பட்டால் ஆறு முதல் எட்டு நிமிடம் ஓடவிட்டு மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவு 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால், மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று பொருள். குழந்தைகளுக்குச் சில மையங்கள் இன்னும் சற்று உயர்ந்த வரம்பைக் கொள்வதுண்டு.

மருந்துகள் இரண்டு வகை. சால்புட்டமால் இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்துவது. மருத்துவர் சொன்ன அளவில் விளையாட்டுக்கு 10 முதல் 15 நிமிடம் முன்பு எடுத்தால் சில மணி நேரம் காக்கும். ஆனால் அது பெரும்பாலான நாட்களில் தேவைப்பட்டால், மூச்சுக்குழாயில் அழற்சி நீடிக்கிறது என்று கொள்ள வேண்டும். நாள்தோறும் பயன்படுத்தினால் அதன் காக்கும் திறனும் குறைந்துபோகும். அப்போது தேவைப்படுவது தினமும் உள்ளிழுக்கும் குறைந்த அளவு ஸ்டீராய்டு. இதைக் கேட்டுப் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. முதல் ஆண்டில் வளர்ச்சி சராசரியாக அரை சென்டிமீட்டர் அளவு குறையலாம் என்பது உண்மை. கட்டுப்படாத ஆஸ்துமா உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதும் உண்மை. இரண்டையும் எடைபோட்டால், மருந்தின் பக்கமே என் தீர்ப்பு. லூக்கோட்ரையீனின் வேலையைத் தடுக்கும் மாண்டெலூகாஸ்ட் மாத்திரை தரப்பட்டால், கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் தென்படுகிறதா என்று கவனியுங்கள்; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இதற்காகக் கடும் எச்சரிக்கை வெளியிட்டது.

மருந்து பலனளிக்கவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் தவறான பயன்பாடே இருக்கிறது. இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் (மருந்தைத் தேக்கிவைத்து மூச்சோடு இழுக்க உதவும் குழாய் போன்ற கூடு) பொருத்தி, குழந்தை அதன் வாய்முனையைச் சுற்றி உதடுகளை இறுக மூடிக்கொண்ட பின் ஒரே ஒரு முறை அழுத்தி, ஐந்தாறு முறை நிதானமாக மூச்சு விடச் செய்யுங்கள்; இரண்டாவது பஃப் தேவையென்றால் மறுபடி குலுக்கிய பிறகே அழுத்த வேண்டும். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் மருந்தில் பெரும்பகுதி ஸ்பேசரின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வாயால் பிடிக்கத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு முகமூடி வைத்த ஸ்பேசர் வேண்டும். அது முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளிப்பது அவசியம். பிளாஸ்டிக் ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் உண்டாகும் நிலைமின்சாரம் மருந்தைச் சுவரோடு இழுத்துக்கொள்ளும். இன்ஹேலரில் மருந்து மீதமிருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்கதல்ல. எண்ணிக்கை காட்டும் இன்ஹேலர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

விளையாட்டுக்கு முன் 10 முதல் 15 நிமிடம், இடையிடையே சிறு வேக ஓட்டங்களோடு உடலைத் தயார்செய்வது உண்மையாகவே உதவும். இப்படிச் செய்தால் பாதிப்புள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த ஓரிரு மணி நேரம் மூச்சுக்குழாய் அவ்வளவாகச் சுருங்காது. சளி பிடித்த நாட்களிலும் புகை சூழ்ந்த நாட்களிலும் கடும் ஓட்டம் வேண்டாம். குளிர்ந்த காற்றில் ஓடும்போது வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளலாம்.

பள்ளியில் இன்ஹேலர் பூட்டிய அலமாரியில் இருந்து பயனில்லை. மைதானத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருத்துவரின் எழுத்துப்பூர்வமான திட்டத்தை உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்து, அவசர முறையையும் விளக்குங்கள். மூச்சுத் திணறல் வந்தால் குழந்தையை நிமிர்ந்து உட்கார வைத்து, சால்புட்டமாலை ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக 4 பஃப், ஒவ்வொரு பஃப்புக்கும் 4 மூச்சு எனக் கொடுத்து, 4 நிமிடம் காத்திருக்க வேண்டும். தணியாவிட்டால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை இதையே மறுபடி மறுபடி செய்ய வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமை, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குதல், உதடு நீலம்பாரித்தல், குழந்தை சோர்ந்து துவளுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், காத்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

இந்த நோயோடு விளையாட்டில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் 597 பேரில் 67 பேருக்கு இதே பாதிப்பு இருந்தது. அவர்கள் 41 பதக்கங்கள் வென்றார்கள். 2003-இல் மகளிர் மாரத்தானில் உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃபுக்கும் சிறு வயதிலிருந்தே இது உண்டு.

சிகிச்சை தொடங்கிய பிறகும் ஓடியதும் இருமல் வந்தால், மருந்தின் அளவைக் கூட்டும் முன் இன்ஹேலர் பிடிக்கும் முறையையும், தினசரி மருந்து விடுபடாமல் போகிறதா என்பதையும் மருத்துவர் முன்னிலையில் சரிபாருங்கள். இருமலின்றி மூன்று மாதங்கள் கடந்தால் அளவைக் குறைப்பது பற்றி அவரிடம் பேசலாம். அதுவரை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.