புரொஜெக்டர் இணைப்பது எப்படி: ரிமோட்டை எடுக்கும் முன் மேசையைப் பாருங்கள்

முதன்முதலில் ஒரு புரொஜெக்டரை இரவல் வாங்கிவந்து இணைத்தபோது, கையில் கிடைத்த மேசையில் வைத்தேன், பிளக்கைச் சொருகினேன், ஆன் செய்தேன். படம் சுவரில் கோணல்மாணலாக விழுந்தது. ரிமோட்டை எடுத்து மெனுவுக்குள் புகுந்து முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஒரு பக்கம் நேரானால் மறுபக்கம் சாய்ந்தது. கடைசியில் அலுத்துப்போய் மேசையை அரை அடி வலப்பக்கம் தள்ளி, சுவருக்கு நேராகத் திருப்பினேன். படம் நேராகிவிட்டது. அதனால் இந்தச் செய்முறையில் பாதி வேலை ரிமோட்டைத் தொடாமலே செய்வது.

படி 1: தூரம்

உங்கள் புரொஜெக்டரின் கையேட்டில் ‘த்ரோ ரேஷியோ’ என்று ஓர் எண் இருக்கும். லென்ஸுக்கும் ஸ்க்ரீனுக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. எண் 1.5 என்றால், 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். 1.2–1.5 என்று இரண்டு எண்கள் போட்டிருந்தால் லென்ஸில் ஜூம் உண்டு, கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம்.

100 அங்குலப் படம் என்பது மூலைக்கு மூலை அளந்தது, அகலம் அல்ல. 16:9 வடிவத்தில் அதன் அகலம் சுமார் 221 செ.மீ., உயரம் சுமார் 125 செ.மீ. அப்படியானால் 1.5 எண் உள்ள கருவிக்கு ஏறக்குறைய 3.3 மீட்டர் தூரம் வேண்டும். அறை அவ்வளவு நீளம் இல்லையென்றால் படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

படி 2: நேராக நிறுத்துவது

எனக்குத் தெரிந்தவரை அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் அவசரப்படாதீர்கள்.

லென்ஸ் ஸ்க்ரீனின் அகலத்துக்கு நடுவில், நேர் எதிரே இருக்க வேண்டும். கண் பார்வையை நம்பாதீர்கள். ஒரு நூலை எடுத்து, புரொஜெக்டரின் முன்பக்க இடது மூலையிலிருந்து சுவர் வரை அளந்து பாருங்கள். பிறகு வலது மூலையிலிருந்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கருவி சுவருக்கு நேராக நிற்கிறது. ஒரு விரற்கடை வித்தியாசம் இருந்தாலும் படத்தின் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் தெரியும்.

அடுத்தது உயரம். வகுப்பறை, அலுவலகங்களில் புழங்கும் பெரும்பாலான புரொஜெக்டர்கள் ஒளியை நேராக அனுப்புவதில்லை, சற்று மேல்நோக்கி அனுப்பும். படத்தின் கீழ் விளிம்பு ஏறக்குறைய லென்ஸ் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ விழும். ஆகவே தாழ்வான மேசைதான் அவற்றுக்குத் தோது. கூரையில் மாட்டும்போது தலைகீழாக மாட்டுவதும் இதனால்தான்; அப்போது படத்தை நிமிர்த்த மெனுவில் ‘சீலிங்’ என்ற அமைப்பு இருக்கும். சில சின்ன எல்இடி கருவிகள் மட்டும் ஒளியை நேராக அனுப்பும், அவற்றை ஸ்க்ரீனின் நடு உயரத்துக்கு ஏற்ற வேண்டும்.

படம் தாழ்வாக விழுகிறதே என்று கருவியின் முன்னால் புத்தகத்தை அடுக்கித் தூக்கிவிடாதீர்கள். தூக்கினால் படத்தின் மேல்பக்கம் விரிந்து, கீழ்ப்பக்கம் குறுகிவிடும். அதைச் சரிசெய்யத்தான் ‘கீஸ்டோன்’ என்ற வசதி இருக்கிறது. ஆனால் அது லென்ஸை ஒன்றும் செய்வதில்லை. விரிந்த பக்கத்தைக் கருவிக்குள்ளேயே சுருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் கொஞ்சம் கூர்மையும் வெளிச்சமும் போய்விடும், சின்ன எழுத்துகள் மங்கும். சினிமா பார்க்கும்போது தெரியாது. கணக்குத் தாளைக் காட்டினால் கடைசி வரிசையில் இருப்பவர் கண்ணைச் சுருக்குவார். கீஸ்டோனைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுத் துளைகளைச் சுற்றி ஓர் அடியாவது காலியாக இருக்கட்டும். மெத்தை, சோபா மேல் வைத்தால் கீழே இருக்கும் துளை அடைபட்டு, சூடேறி, பாதிப் படத்தில் தானாக அணைந்துவிடும்.

படி 3: கேபிள்

எச்டிஎம்ஐ இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். ஒரே கேபிளில் படமும் ஒலியும் போகும். பழைய கருவிகளில் 15 முனைகள் கொண்ட, பெரும்பாலும் நீல நிறமான விஜிஏ இருக்கும். அதில் படம் மட்டுமே வரும், ஒலிக்குத் தனி வயர் வேண்டும். அதைச் சொருகும்போது அழுத்தித் திணிக்காதீர்கள். முனை வளைந்தால் படம் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும்.

லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, புரொஜெக்டரில் விஜிஏ என்றால் நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும். அது ஒருவழிப் பாதை! எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்குவது வேறு, விஜிஏவை எச்டிஎம்ஐ ஆக்குவது வேறு. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், மாற்றி வாங்கினால் வேலை செய்யாது.

யுஎஸ்பி-சி துளை உள்ள எல்லா லேப்டாப்பும் படத்தை அனுப்பாது. துளைக்குப் பக்கத்தில் மின்னல் குறியோ திரைக் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கையேட்டைப் பாருங்கள். புரொஜெக்டரின் பின்னால் இருக்கும் சாதாரண யுஎஸ்பி துளை பெரும்பாலும் பென்டிரைவுக்கானது. எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்கு மேல் போனால் படம் விட்டுவிட்டு வரலாம், முடிந்தவரை குட்டையாக வையுங்கள்.

படி 4: ஆன் செய்து படத்தை வரவழைப்பது

லென்ஸ் மூடியை எடுத்துவிட்டீர்களா? சிரிக்காதீர்கள், நானே மறந்திருக்கிறேன். எரியும் லென்ஸுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள்.

எல்இடி அல்லாமல் பல்பு விளக்கு உள்ள கருவிகள் முழு வெளிச்சத்துக்கு வர அரை நிமிடம், ஒரு நிமிடம் எடுக்கும். அதுவரை பொறுங்கள். பிறகு ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ பொத்தானை அழுத்தி, எந்தத் துளையில் கேபிளைச் சொருகினீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐ 1, 2 என்று இரண்டு இருந்தால் மாறிப்போவது சகஜம்.

இப்போது லேப்டாப். விண்டோஸில் விண்டோஸ் கீயுடன் பி எழுத்தை அழுத்தினால் நான்கு வழிகள் வரும்: லேப்டாப் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டையும் சேர்த்து ஒரே நீண்ட திரை, புரொஜெக்டர் மட்டும். புதிதாகச் செய்பவர்களுக்கு இரண்டாவது போதும். மூன்றாவது தெரியாமல் தேர்வானால் சுவரில் வால்பேப்பர் மட்டும் தெரியும். இணைப்பு கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள், சாளரத்தை லேப்டாப் திரையின் வலது ஓரத்தைத் தாண்டி இழுத்தால் பெரும்பாலும் சுவருக்குப் போய்விடும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் டிஸ்ப்ளேஸ் பகுதியில் இதே வேலையைச் செய்யலாம்.

படம் வந்து ஒலி வரவில்லையா? லேப்டாப்பின் ஸ்பீக்கர் குறியைத் தொட்டு ஒலி எங்கே போக வேண்டும் என்பதை மாற்றுங்கள். மற்றதெல்லாம் வந்து, கட்டணப் படச் செயலியில் மட்டும் கருப்புத் திரை என்றால் அது எச்டிசிபி என்ற நகல் தடுப்பின் வேலையாக இருக்கலாம். விஜிஏ வழியில் அது அடிக்கடி நடக்கும்.

படி 5: ஃபோகஸ்

முதலில் ஜூம் வளையத்தால் படத்தை ஸ்க்ரீனுக்குள் அடக்குங்கள், அப்புறம் ஃபோகஸ். புகைப்படத்தை வைத்து ஃபோகஸ் செய்யாதீர்கள். எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து, வேறொருவரை வளையத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் சுவருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். கிட்டத்தில் பார்த்தால் எழுத்தின் ஓரம் எப்போது கூராகிறது என்று பளிச்சென்று தெரியும். நடுவில் தெளிவாக இருந்து ஒரு மூலை மட்டும் மங்கினால் கருவி சாய்ந்திருக்கலாம். நூலை எடுத்துக்கொண்டு படி 2-க்குத் திரும்புங்கள். பத்து நிமிடம் ஓடி லென்ஸ் சூடானதும் இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் படம் வெளுத்துத் தெரிந்தால் அறை விளக்கைக் கவனியுங்கள். புரொஜெக்டரால் கருப்பு நிறத்தை வீச முடியாது. படத்தில் கருப்பாகத் தெரிவது வெளிச்சம் படாத சுவர்தான். ஸ்க்ரீனுக்கு மிக அருகில் இருக்கும் விளக்கை மட்டும் அணைத்தாலே பாதி குறை தீரும்.

அணைக்கும்போது

ரிமோட்டில் பவர் பொத்தானை அழுத்துங்கள், பல கருவிகளில் இரண்டு முறை அழுத்த வேண்டும். விளக்கு அணைந்த பிறகும் உள்ளே விசிறி ஓடும். அது நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். சூட்டோடு சூடாக நிறுத்தினால் விளக்கின் ஆயுள் குறையும்.

விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேலை செய்துவிடலாம். மேசையின் நான்கு கால்களும் நிற்கும் இடத்தில் தரையில் துண்டு டேப் ஒட்டுங்கள், மேசை மேல் புரொஜெக்டரின் மூலைகளுக்கும் அப்படியே. அடுத்த முறை நூலைத் தேட வேண்டாம்.